ஒட்டியது சாயம்

உஸ்மாவும் நானும் ஒரே லேபில் ஐந்தரை ஆண்டுகள் வேலை செய்தோம். திருமழிசை தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் இருந்த ஆராய்ச்சி மையம் அது. நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அவள் கரையான்சாவடியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, எனக்கு முன்னால் கருவிகளைப் போட்டு வைத்திருப்பாள். படிப்பில் அவள் எனக்கு ஒரு வருடம் சீனியர். வயதில் நான் நான்கு மாதம் மூத்தவள். அதனால் முதல் வாரமே வாடி, போடி என்று ஆகிவிட்டது.

எங்கள் வேலை புரதங்களோடு. பெரும்பாலான புரதங்களுக்கு நிலையான வடிவம் ஒன்று உண்டு. சிலவற்றுக்கு அது கிடையாது. தண்ணீரில் விட்ட நூல் மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். செல்லின் கொழுப்புச் சவ்வின் மேல் பட்டால் மட்டும் அதில் ஒரு பகுதி ஸ்பிரிங் போலச் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். எந்தச் சவ்வில் ஒட்டும், எதில் ஒட்டாது என்பதுதான் உஸ்மாவின் முனைவர் பட்ட ஆய்வு. நரம்பு செல்களில் இருக்கும் ஒரு சிறு புரதத்தை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். நடுக்குவாதத்தோடு அதற்குத் தொடர்பு இருந்ததால் பல நாடுகளில் பலர் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புரதம் மின்னேற்றம் உள்ள சவ்வில்தான் நன்றாக ஒட்டும் என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். மின்னேற்றமே இல்லாத சவ்விலும் பலமாக ஒட்டுகிறது என்று உஸ்மா காட்டினாள். புரதத்தோடு ஒளிரும் சாயம் ஒன்றைக் கோத்து, கொழுப்பால் செய்த நுண்ணிய குமிழிகளோடு கலந்து, கருவிக்குள் வைக்க வேண்டும். ஒட்டினால் ஒளி மாறும். மாறியது. நூறு தடவைக்கு மேல் மாறியது. புரதத்தின் எந்தத் துண்டு ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தது நான். எங்கள் இருவரின் பெயரும், கைடு கஸ்தூரி மேடம் பெயருமாகக் கட்டுரை நல்ல இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர், பட்டம் முடிந்ததும் தன்னோடு வந்து வேலை செய்யச் சொல்லி எனக்கு எழுதினார். அந்த மின்னஞ்சலை அப்பா அச்செடுத்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டினார்.

அந்த நேரத்தில் சாயம் தீர்ந்துபோனது. புதிது வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். உஸ்மா சும்மா இருக்க மாட்டாள். பக்கத்து லேபில் வேறு வகைச் சாயம் கொஞ்சம் கேட்டு வாங்கி, புரதத்தோடு கோத்து, அதே சோதனையைச் செய்தாள். மின்னேற்றம் உள்ள சவ்வில் பழையபடி ஒட்டியது. இல்லாத சவ்வில் ஒளி அசையவே இல்லை.

"அந்தச் சாயம் கெட்டுப்போயிருக்கும்டி" என்றேன்.

"கெட்டிருந்தா ரெண்டுலயும்தானே வேலை செய்யக்கூடாது?" என்றாள்.

மறுவாரம் ஒரு மாலை, நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் சொன்னாள்.

"பழைய பாட்டில்ல அடியில ரெண்டு சொட்டு இருந்துச்சு. புரதமே போடாம, வெறும் சாயத்தைக் குமிழியோட கலந்து பாத்தேன். ஒளி மாறுது, லாவண்யா. அப்படியே நம்ம கட்டுரையில இருக்கற மாதிரி."

"வெறும் சாயத்தை முதல் வருஷமே பாத்தோமே?"

"மின்னேற்றம் இருக்கற சவ்வுல பாத்தோம். சாயத்துக்கும் அதே மின்னேற்றம், அதனால தள்ளிவிட்டுடுச்சு. இன்னொண்ணுல பாக்கவே இல்ல. நான் பாக்கல. ஒட்டினது புரதம் இல்லடி. சாயம்தான். புரதத்தை அதுதான் இழுத்துக்கினு போயிருக்கு."

எங்கள் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவளும் ஏறவில்லை.

"இதை இப்ப யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு ஜெர்மனிலேருந்து வேலை ஆர்டர் வரட்டும். ரெண்டு மாசம்தான்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "நான் சொல்றதை நம்பாத. நீயே செஞ்சு பாரு. எது எதுன்னு உனக்குத் தெரியாம குழாய்ல போட்டுத் தரேன். வேற மாதிரி வந்தா, நான்தான் தப்புன்னு விட்டுடறேன்" என்றாள்.

பழைய பாட்டிலில் மிச்சமிருந்த சாயத்தை வைத்து, சிலவற்றில் புரதத்தோடும் சிலவற்றில் புரதம் இல்லாமலும், அவள் பன்னிரண்டு குழாய்கள் தயார் செய்தாள். எண்கள் மட்டும்தான் எழுதியிருந்தாள். எந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்கிற பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, ஸ்டோர் பார்க்கும் தட்சிணாமூர்த்தியிடம் கொடுத்தாள்.

"இன்னாமா இது, பரீட்ச பேப்பரா?" என்று அவர் உறையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆமாண்ணே. சாயங்காலம் லாவண்யாவுக்கு மட்டும் குடுங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

அன்றைக்கு அவள் லேபுக்கு வரவே இல்லை. தான் பக்கத்தில் நின்றால் என் கை மாறும் என்று வேண்டுமென்றே வீட்டில் இருந்துகொண்டாள்.

அறையின் விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு குழாயாக வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் சொன்னது பொய்யாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். ஏழாவது குழாய் இரண்டுங்கெட்டானாக ஓர் எண் காட்டியது. எதில் என்ன என்று தெரியாவிட்டாலும், இரண்டொரு எண்ணை மாற்றி எழுதிக் கணக்கைக் குழப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. உஸ்மாவும் என்னைக் கேட்டிருக்க மாட்டாள். அதை நினைத்தபோதுதான் கை நின்றது. என்னை இந்த அறையில் தனியாக விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் உட்கார ஒருத்தியால் முடிகிறது. ஏழாவதை மறுபடி மூன்று முறை அளந்து, வந்ததை வந்தபடி எழுதினேன்.

ஐந்து மணிக்கு உறையைப் பிரித்தேன். பன்னிரண்டும் அவள் சொன்னபடியே இருந்தன. ஸ்டோர் ரூம் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். தட்சிணாமூர்த்தி ஒன்றும் புரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஃபெயிலாயிட்டா இன்னாமா, திரும்ப எழுதிக்கலாம்" என்றார்.

மறுநாள் இருவரும் கஸ்தூரி மேடம் அறைக்குப் போனோம். உஸ்மா நோட்டை மேசைமேல் வைத்து, முதலிலிருந்து சொன்னாள். மேடத்தின் முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"நான் இதை மூணு மாநாட்டுல பேசியிருக்கேன், உஸ்மா."

"தெரியும் மேடம்."

"சின்னதா ஒரு திருத்தம் போட்டா போதாதா? நடக்கறதுதானே. எல்லாரும் போடறாங்க."

"தலைப்பே தப்பு மேடம். நாலாவது படத்துலேருந்து கடைசிப் படம் வரைக்கும் தப்பு. அதையெல்லாம் எடுத்துட்டா திருத்தறதுக்கு எதுவும் மிச்சமில்ல. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கணும்."

மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாங்கள் நின்றபடியே இருந்தோம். என் கையெழுத்தில் இருந்த பன்னிரண்டு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எழுது. மூணு பேரும் கையெழுத்துப் போடுவோம். காரணத்தை முதல் வரியிலயே சொல்லிடு. எந்தச் சாயம், எந்தச் சவ்வு, எல்லாத்தையும். மூடி மூடி எழுதாத."

"தப்பு என்னோடதுன்னு போடறேன் மேடம்."

"எங்களோடதுன்னு போடு" என்றார்.

நான்கு மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இணையத்தில் அதன் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் சிவப்பு எழுத்தில் அப்படிப் போட்டிருந்தார்கள். காரணம் படிக்காதவர்கள் ஏதோ மோசடி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு கருத்தரங்கில் எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தது இருவர் காதிலும் விழுந்தது. உஸ்மா திரும்பி, "சார், காரணம் கீழ இருக்கு, ஒரு பக்கம்தான், படிச்சுப் பாருங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடி முன்பக்கம் பார்த்தாள். அவள் காதோரம் சிவந்திருந்தது எனக்குத்தான் தெரியும்.

ஜெர்மனிக்கு நானே எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் நேர்மையை மதிக்கிறேன், ஆனால் இந்த வருடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார். அதன்பின் பதினொரு நாள் நான் உஸ்மாவோடு பேசவில்லை. அவள்மேல் குற்றமில்லை என்று தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் காலையில் நான் வருவதற்குள், எனக்கு வேண்டிய கொழுப்புக் குமிழிகளை அவளே செய்து, தேதி ஒட்டி, ஃபிரிட்ஜில் என் தட்டில் வைத்திருப்பாள். அரை நாள் வேலை அது. பன்னிரண்டாம் நாள் நான் சீக்கிரமாக வந்து, அவளுக்கும் சேர்த்துச் செய்து வைத்தேன். அவள் வந்து தேதியைப் பார்த்துவிட்டு, "மூணை எட்டு மாதிரி எழுதியிருக்கடி" என்றாள். அப்படித்தான் பேச்சு திரும்பியது.

அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. தினமும் காலையில் பூந்தமல்லியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் வேதியியல் டியூஷன் எடுத்துவிட்டு லேபுக்கு வருவாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள், இந்த முறை சாயமே இல்லாமல். புரதம் சுருள்கிறதா என்று நேரடியாகக் காட்டும் கருவி ஒன்று உண்டு. மெதுவான, முரட்டுப் பிடிவாதம் பிடிக்கும் கருவி. ஒரு நாளைக்கு ஆறு அளவுகள் எடுத்தாலே பெரிது. பெரிய குமிழி, நடுத்தரம், சின்னது, மிகச் சின்னது என்று ஒன்றரை வருடம் அளந்தாள்.

மின்னேற்றம் இல்லாத பெரிய குமிழிகளில் ஒன்றுமே இல்லை. மிகச் சின்னவற்றில் மட்டும், சவ்வு அதிகமாக வளைந்து கொழுப்பு மூலக்கூறுகளுக்கு இடையே இடுக்கு விழும் இடத்தில், அந்தப் புரதம் கொஞ்சமாகச் சுருண்டு நுழைந்தது. முன்பு நாங்கள் சொன்னதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதைக் காட்டும் வளைகோடு தாளில் லேசாகத்தான் குனிந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தனியாக அளந்தேன், மேடம் ஒரு சனிக்கிழமை வந்து அளந்தார். மூன்று பேருக்கும் அதே அளவுக்குக் குனிந்தது.

எனக்கு அதற்கு முன்பே பட்டம் கிடைத்துவிட்டது. அம்பத்தூரில் மருந்துகளின் தரம் பார்க்கும் லேபில் சேர்ந்துவிட்டேன். ஜெர்மனி போகவில்லை. வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் இன்று ஒரு மாத்திரைத் தொகுதி தேறவில்லை என்று எழுதவேண்டி வந்து, மேலே இருப்பவர்கள் முகம் சுளிக்கும்போது, நான் எண்ணை மாற்றுவதில்லை. அந்தத் துணிவை நான் உஸ்மாவிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு விடுப்பு போட்டுப் போனேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தடித்த ஆய்வேட்டைப் புரட்டியபடி கேட்டார்.

"எல்லாரும் வெற்றியைத்தான் முன்னாடி வைப்பாங்க. நீங்க தப்பாப் போனதை முதல் அத்தியாயமா வச்சிருக்கீங்களே, ஏன்?"

"அதைப் படிக்காம மத்ததைப் படிச்சா, இவ ஏன் இவ்ளோ சின்ன விஷயத்தை இத்தனை தடவை அளந்தான்னு புரியாது சார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "என் மாணவி ஒருத்தி இதே சாயத்தை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் திண்டாடினா. கட்டுரையைத் திரும்ப வாங்கினப்ப நீங்க எழுதின குறிப்பைப் படிச்ச அன்னைக்குத்தான் அவளுக்கு விடிஞ்சுது. நன்றி" என்று சொல்லி எழுந்து கை கூப்பினார். நான் கஸ்தூரி மேடத்தைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் கரையான்சாவடியில் உஸ்மா வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு. அவள் அம்மா ஷரீஃபுன்னிசா பிரியாணியைப் பரிமாறிக்கொண்டே இருந்தார். போதும் என்றால் காதில் வாங்கவில்லை. தட்சிணாமூர்த்திக்கு மூன்றாவது தடவை. அவள் அத்தா யூசுப் மெயின் ரோட்டில் பெயின்ட்டும் ஹார்டுவேரும் விற்கிறவர். கடையைச் சாத்திவிட்டு வந்து, கைகழுவி, மேடத்துக்கு எதிரே உட்கார்ந்தார். மகளைக் கேட்டார்.

"ஏம்மா, நானும் ஆறேழு வருசமா கேட்டுக்கினே கீறேன். கடேசில அது ஒட்டுதா, இல்லியா?"

கஸ்தூரி மேடமே சாப்பிடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"ரொம்பச் சின்னதா இருந்தா, கொஞ்சூண்டு ஒட்டுது அத்தா."

அவர் அதை மனசுக்குள் எடைபோட்டுப் பார்த்தார். "கொஞ்சூண்டுன்னாலும் நெசமா ஒட்டுதுல்ல?"

"நெசமா ஒட்டுது" என்றாள் உஸ்மா.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் சோற்றில் கை வைத்தார்.