கண்ணில் ஏறிய மஞ்சள்

விடியும் முன்பே சின்னாளப்பட்டிச் சாயப்பட்டறையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் சாயத்தில் முங்கிய சேலைகளைக் கம்பால் புரட்டித் தூக்கினார் பொன்னுத்துரை. ஆவி முகத்தில் அறைந்தது. ஈரத்துணியின் கனம் தோளை இழுத்தது. மஞ்சள் போடும் நாளில் அங்கே எல்லார் கையும் நகக்கண் வரை மஞ்சள்தான்.

பக்கத்துக் கொப்பரையில் நிற்கவேண்டிய மகன் ஈஸ்வர் வீட்டில் சுருண்டு கிடந்தான். காய்ச்சல் என்றுதான் பொன்னுத்துரை சொல்லிவைத்திருந்தார். காமாலை என்றால் ஊர் முதலில் கேட்பது, "குடிக்கிறானோ?" என்றுதான். சாராய வாடையே அறியாத வீடு அது. அந்தப் பேச்சு தன் வாசலேறக் கூடாதென்று கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்.

அலசுதொட்டியில் துணி பிழிந்துகொண்டிருந்த மருமகள் பாண்டிச்செல்வி திடீரென்று குமட்டிச் சுவரில் சாய்ந்தாள். ஏழு மாத வயிறு. கூட வேலை பார்க்கும் மணிமேகலை தாங்கிப் பிடித்து, அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க! கையில மஞ்சன்னா சாயம். கண்ணுக்குள்ள எவன் சாயம் போட்டான்?"

பொன்னுத்துரை கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் பவித்ரா கேட்டார்: "வீட்டுல வேற யாருக்கும் காமாலை இருக்காங்கய்யா?"

பொன்னுத்துரை கட்டிலில் வாடிக்கிடந்த மருமகளைப் பார்த்தார்.

"மகனுக்கு இருக்கும்மா. கீழாநெல்லிதான் அரைச்சுக் குடுக்குறேன். ஆனா அவன் குடிக்கமாட்டான்."

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஹெபடைடிஸ் ஈ. கழிவு கலந்த தண்ணியில வர்ற வைரஸ். மகனுக்கு நாட்டு மருந்தை நிறுத்திட்டு உடனே கூட்டியாங்க. அவரு பெரும்பாலும் ஓய்வுலயே தேறிருவாரு. வயித்துப்பிள்ளைக்காரிக்குத்தான் உசுருக்கே ஆபத்து. ஈரல் எப்படி இருக்கு, ரத்தம் சரியா உறையுதான்னு இங்க வச்சே பாக்கணும். எங்க தண்ணி குடிக்கிறீங்க?"

பட்டறைக் கக்கூஸ் குழியை ஒட்டிய தரைத்தொட்டி அவர் கண்முன் வந்தது. அதில்தான் கேன் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோவார். தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்த தண்ணீர்.

அன்றே மகனையும் சேர்த்துவிட்டு, மறுநாள் காலை பட்டறைக்குப் போய், டாக்டர் சொன்னதை முதலாளி சிவபிரகாஷிடம் சொன்னார். சிவபிரகாஷ் அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்புண்ணே. தொட்டியப் பத்தி வெளிய பேசாதீங்க. பேசினா, ஈஸ்வரு குடிச்சு ஈரல் வெந்துபோச்சுன்னுதான் ஊரு சொல்லும். ஒங்க குடும்பத்துக்கு அது அழகா?"

பொன்னுத்துரை முதுகை நிமிர்த்தினார். கொப்பரைகளுக்கு நடுவே போய் நின்று, எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "எம் மகனுக்கும் மருமகளுக்கும் காமாலை. இந்தத் தொட்டித் தண்ணியில வந்தது. ஊரு என்ன வேணாலும் பேசட்டும்."

கம்புகள் நின்றன. கடைசிக் கொப்பரையில் நின்ற பெலிக்ஸ் மெல்ல முன்னால் வந்தான். "எனக்கும் இருக்குண்ணே. நான் குடிக்கிறவன்லா... அதான் கர்த்தர் தண்டனை குடுத்துட்டாருன்னு பொத்திக்கிட்டுக் கெடந்தேன்."

"இம்புட்டு நாளா ஒன் மூஞ்சியப் பாத்து, சாயந்தான்னு நெனச்சேனே பாவி!" என்றாள் மணிமேகலை. யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியிலேயே பயமாகிப் போனது.

"ஆர்டர் கெடக்குய்யா! அடுப்பை அமத்தினா எவனுக்கும் வேலை கெடையாது," என்று கத்தினார் முதலாளி.

"நல்ல தண்ணி வரணும். அத்தனை பேருக்கும் ரத்தம் பாக்கணும். படுத்தவுகளுக்குக் கூலி நிக்கக் கூடாது. அதுவரைக்கும் அடுப்பு எரியாது," என்றார் பொன்னுத்துரை.

மணிமேகலை விறகை வெளியே இழுத்துப் போட்டாள். எல்லாரும் முற்றத்து வெயிலுக்கு வந்தார்கள். சாயக்கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் இமையை ஒருவர் இழுத்துப் பார்த்தார்கள். பொன்னுத்துரையின் கண்ணைப் பார்த்த பெலிக்ஸ் கையை எடுக்கவில்லை.

"அண்ணே... ஒங்களுக்கும் லேசா..."

பொன்னுத்துரை அவன் கையை மெல்ல விலக்கினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பாண்டிச்செல்வியை நினைத்துக்கொண்டார்.

"சரி, நடங்கப்பா," என்றார். "திண்டுக்கல் பஸ்ஸு வந்துரும்."

யாரும் பின்தங்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் கொப்பரைகள் ஒவ்வொன்றாய் ஆறிக்கொண்டிருந்தன.