மாப்பிள்ளைக்குப் பக்தி வந்த ஞாயிறு

சபைச் சுவரில் பாட்டு வரி வந்தது தன் மாப்பிள்ளையால்தான் என்று செயலாளர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். தையல்காரம்மாவிடம் கேட்டால் அந்தக் கதை வேறு மாதிரி இருக்கும்.

பாட்டு வரிகளைச் சுவரில் காட்டும் சாஃப்ட்வேர் வாங்கலாமா என்று சபைக் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். பாட்டுமேல் ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வரி பாடியதில்லை. கை தூக்கியது புருஷனுக்காக.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சபையில் அவருக்குக் கட்டைக்குரல் என்றுதான் பெயர். பாடகர் குழுவின் பின்வரிசையில் அவர் நின்று பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒரு விஷக் காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோனது. குரல் அப்படியே இருந்தது, பாட்டெல்லாம் மனப்பாடமாகவும் இருந்தது. ஆனால் மற்றவர்கள் எந்த வரியில் இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை முந்திக்கொண்டு பாடினார். ஒருமுறை பிந்திப் பாடினார். முன்வரிசையில் யாரோ தோள் குலுங்கச் சிரித்ததைப் பார்த்துவிட்டு, அதோடு சபைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

சுவரில் வரி மாற மாறப் பார்த்துப் பாடினால் எல்லாரோடும் சேர்ந்தே போகலாம் என்று தையல்காரம்மா கணக்குப் போட்டாள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மனுஷனிடம் இதை நாலு நாள் சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்தாள்.

"ஒரு வாரம் வரேன். மறுபடியும் யாராவது சிரிச்சா அப்புறம் என்னைக் கூப்பிடாதே" என்றார்.

சாஃப்ட்வேர் வாங்கியாயிற்று. அதை இயக்கச் சனிக்கிழமை செயலாளரின் மாப்பிள்ளை வந்து இறங்கினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று மாமனாருக்கே தெரியாது. மத்தியானம் முழுக்க அவர் செய்தது, எழுத்துக்குப் பின்னால் அருவி ஓடுவதா, அலை அடிப்பதா, புறா பறப்பதா என்று யோசித்ததுதான். கடைசியில் மூன்றையும் போட்டார். அதன்மேல் மஞ்சள் எழுத்து. புறா பறந்தால் வரி தெரியவில்லை, வரி தெரிந்தால் புறாவைக் காணோம். செயலாளர் புல்லரித்துப்போய் நின்றார்.

"கறுப்புல வெள்ளை எழுத்து போதும் தம்பி" என்றாள் தையல்காரம்மா. "ஒரு தடவைக்கு ரெண்டு வரி போடுங்க. கடைசி வார்த்தை பாடும்போதே அடுத்தத மாத்திடணும். எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது. இதைப் பாத்துத்தான் பாடுவாரு."

"அக்கா, இது ஆராதனை. சாவு நோட்டீஸ் இல்ல."

"வரி மாத்தறது?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

அவர் இருப்பதுதான் அவளுக்குக் கவலை.

ஞாயிறு காலை முதல் பாட்டு ஒருவழியாகப் போனது. புறாவுக்கு நடுவே கண்ணை இடுக்கிப் பார்த்து, முதலில் முணுமுணுத்து, பிறகு குரலை விட்டுப் பாடினார் கட்டைக்குரல். தப்பே வரவில்லை. தையல்காரம்மா முன்வரிசைத் தோள்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் பாட்டில்தான் மாப்பிள்ளைக்குப் பக்தி வந்தது. கண்ணை மூடினார், இரண்டு கையையும் உயரத் தூக்கினார். மவுஸ் மேசையில் அநாதையாகக் கிடந்தது. சபை மூன்றாம் சரணத்துக்குப் போனது, நாலாம் சரணத்துக்குப் போனது. சுவரில் இரண்டாம் சரணமே நின்றது. அதைப் பாடி முடித்த கட்டைக்குரல் வாயை மூடிக்கொண்டு, சிவப்பு விளக்கு மாறட்டும் என்று காத்திருக்கும் ஓட்டுநராகப் பொறுமையாக நின்றார்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் உட்கார, போதகர் வேதாகமத்தைத் திறந்தார். சுவரிலிருந்து கண்ணை எடுக்காத கட்டைக்குரலுக்கு அது தெரியவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை கண் விழித்தார், பதறிப்போய் எதையோ அழுத்தினார். சுவரில் கடைசிச் சரணம் வந்தது.

விளக்கு மாறிவிட்டது. கட்டைக்குரல் முழுத் தொண்டையில் பாட ஆரம்பித்தார், தன்னந்தனியாக.

போதகர் அப்படியே நின்றுவிட்டார். தலைகள் திரும்பின. முன்வரிசையில் ஒரு தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த தையல்காரம்மா சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். அத்தோடு ஆயுசுக்கும் நிறுத்தியிருப்பார்.

அவள் எழுந்து நின்று பாடினாள்.

எண்ணெய் காணாத தையல் மெஷின்கூட அதைவிட இனிமையாக ஓடும். குலுங்கிய தோள் அதிர்ச்சியில் அடங்கியது. சரி, இன்னும் ஒருத்தர் இரண்டு பேர் சேர்ந்து பாடினால் என்ன குறைந்துவிடும்? ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனையும் பரிசுத்தவான்கள். மாப்பிள்ளை மட்டும் கண் கலங்கி மறுபடியும் கையைத் தூக்கப் போனார். அவள் திரும்பி முறைத்த முறைப்பில் கை தானாக இறங்கி மவுஸைத் தொட்டது. கடைசி இரண்டு வரியும் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பாடி முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் அவள் நேராக மாப்பிள்ளையிடம் போனாள்.

"அடுத்த வாரம் கை மேல போச்சுன்னா மேசையோட வெச்சுத் தெச்சிருவேன்."

"முதல் நாள்தானேம்மா, பையனுக்கு ஆவி இறங்கிடுச்சு" என்று செயலாளர் குறுக்கே வந்தார்.

"இறங்கட்டும். கை மட்டும் ஏறக் கூடாது."

வாசலில் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று தேற்றிக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து நல்லாப் பாடினோம் என்று உதட்டை அசைத்துச் சொன்னாள்.

"நான் தனியா மாட்டிக்கிட்டேன்னு தெரியும்" என்றார் அவர். "நீ வாயைத் திறந்ததுமே புரிஞ்சுபோச்சு. நீ என்னைக்குப் பாடியிருக்கே?"

அவள் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். இனி வர மாட்டார் என்றே நினைத்தாள்.

"அடுத்த வாரம் நீ போய் அந்தப் பையன் பக்கத்துல உக்காந்துக்கோ. வரியை நீயே மாத்து" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "பாட மட்டும் செய்யாதே. காது கேக்காதவனுக்கே தாங்கல."