ஆயிரத்துக்கு நாலு குறைவு

கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஜேசுராஜ் ஃபோனைத் திறந்து பார்க்காமல் இருக்கவில்லை. "நாலுதாம்மா பாக்கி ஃபியோனா! ஈஸ்டருக்குள்ள ஆயிரம் அடிச்சிடுவ, பாரு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் ஷூவுக்குள் காலை விட்டார்.

ஃபியோனாவுக்குப் புனேயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தோலில் வரும் புற்றுநோய்களிலேயே பொல்லாதது மெலனோமா. அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இணையத்தில் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். கணவன் அலன் ஒருநாள் விளையாட்டாக அதை அப்பாவின் ஃபோனில் போட்டுக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனுஷர், கிரிக்கெட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார். ஐந்நூறு தாண்டியதும் தேஹு ரோடு கோயில் வாசலில் எல்லாருக்கும் பேடா கொடுத்தார். கட்டுரையில் என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அடுத்த வாரம் பதவி உயர்வுக்கு நேர்காணல். அங்கேயும் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். போதாது என்று சொல்லிவிட்டால்? அந்த நினைப்பிலேயே அவளுக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை.

அன்று பெரிய வியாழன், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய நாள். ஃபாதர் பாதம் கழுவப்போகிற பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் ஜேசுராஜும் ஒருவர். பீடத்துக்கு முன்னால் போட்ட பெஞ்சில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் வலது கால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். ஃபாதர் முழங்காலிட்டு, பாதத்தைக் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றினார். உள்ளங்கால், ஃபியோனா உட்கார்ந்திருந்த முதல் வரிசையைப் பார்த்துத் திரும்பியது. குதிகாலில் ஒரு கறுப்பு. நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிசு, ஓரமெல்லாம் மை கசிந்த மாதிரி, நடுவில் புதிதாகச் சீவின சிவப்பு.

ஐயோ, இயேசுவே!

பக்கத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஃபியோனா அந்தக் கறுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டிப்போன ரத்தமாக இருக்கலாம். ஷூ அழுத்தினதாகவும் இருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? கோயிலில் எல்லாரும் டாக்டர் டாக்டர் என்கிறார்களே தவிர, அவள் ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் குடுவையில் வளர்கிற செல்கள். அவையும் யாரோ ஒருவருடைய குதிகாலிலிருந்து எடுத்தவைதான். ஆள் வந்தபோது காலம் கடந்துவிட்டது என்பதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி அவள் விசாரித்ததுமில்லை. ஃபாதர் பாதத்தைத் துடைத்து முத்தமிட்டார். மாமா அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

பூசை முடிந்ததும் வெளியே சிமெண்டு பெஞ்சில் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மாமா, அந்தக் காலைக் காட்டுங்க."

"அது கால் ஆணிம்மா. வருஷம் ஒண்ணாச்சு. கார்ன் கேப் ஒட்டிப் பாத்தேன், போகல. ஃபாதர் கையில குடுக்கற கால் அசிங்கமா இருக்கக் கூடாதேன்னு நேத்து பிளேடால சீவினேன். சோடோ, விடும்மா."

ஒரு வருஷமா! ஒரே வீட்டில்! வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போடுகிற மனுஷர். மாமனாருடைய உள்ளங்காலை எந்த மருமகள் பார்க்கிறாள்?

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்குப் பெரிய வெள்ளிம்மா, சிலுவைப் பாதை இருக்கு. ஈஸ்டர் முடியட்டும். உன் இண்டர்வியூவும் முடியட்டும்."

"பண்டிகை நேரத்துல அவரைப் பயமுறுத்தாதே" என்று அலன் அவள் காதருகே முணுமுணுத்தான்.

அவள் புடவையோடு தரையில் மண்டியிட்டு, அவருடைய வலது ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். "அரே, என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று ஜேசுராஜ் கூச்சத்தில் காலை இழுத்தார். அவள் விடவில்லை.

"என் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு சொல்லட்டுமா, மாமா?"

"எனக்கு என்னம்மா புரியும்?"

"முதல் வரி புரியும்." அந்த வரி இங்கிலீஷில் அவளுக்கு மனப்பாடம். தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை. வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். "நம்மள மாதிரி கறுத்த தோல்காரங்களுக்கு இது வெயில் படற எடத்துல அதிகம் வராது. உள்ளங்கால்ல வரும். கால் ஆணின்னு நெனச்சு... சீவிக்கிட்டே இருப்பாங்க. டாக்டர்கிட்ட லேட்டாத்தான் வருவாங்க."

ஜேசுராஜ் சட்டைப் பையிலிருந்த ஃபோனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் யாரோ ஈஸ்டருக்கு மட்டன் சொல்லியாச்சா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

"அத்தனை பேரும் இதையாம்மா எடுத்துச் சொல்லியிருக்காங்க?"

ஃபியோனா ஆமென்று தலையை அசைத்தாள். தன் ஃபோன் வெளிச்சத்தைக் குதிகால் மேல் பிடித்து உற்றுப் பார்த்தாள்.

அவர் மெள்ளக் குனிந்து, கழுவாத இடது காலையும் காட்ட, அதன் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.