ஒட்டிப்போன கடைக்கால்

ரிஃபானாவுக்கு அந்த வேலை பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். கம்ப்யூட்டர் அவளைப் பார்த்து, "இன்னாம்மா, வாயத் தொறந்து சொல்லு" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டிய நாளன்று ஜுரம் என்று படுத்தாள். மறுநாளும் படுத்தாள். ஜுரம் ஒரு வருஷம் நீடித்ததில் பள்ளிக்கூடமே அவளை மறந்துவிட்டது. அப்புறம் பொத்தேரியில் மூன்று மாதம், வீடு வரைகிற சாஃப்ட்வேர் படித்தாள். அந்த மூன்று மாதத்தில் அவள் வகுப்பில் பேசிய மொத்தப் பேச்சு, "எஸ் சார்."

இப்போது செங்கல்பட்டில் இன்ஜினியர் ஜெகதீசனின் ஆபீஸில் தற்காலிக வேலை. மாதக் கடைசிக்குள் நிரந்தரம் ஆகாவிட்டால், பஜாரில் இருக்கும் அத்தாவின் ஃபேன்சி ஸ்டோரில் உட்கார வேண்டும். வளையல் கேட்டு வருகிறவர்களிடம் காலையிலிருந்து பேச வேண்டும். அதை நினைத்தாலே அவளுடைய நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சமயத்தில்தான் திருவிடந்தை வீடுகள் வந்தன. அண்ணன் துரை, தம்பி ஆனந்தன். அவர்களுடைய அப்பாவின் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு. இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு அங்குல இடைவெளி விட்டு, அதில் தெர்மாகோல் அட்டை செருக வேண்டும் என்பது இருவரும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போன நிபந்தனை. அந்த ஒரு அங்குலத்தை ரிஃபானா மிக ஒழுங்காக வரைந்தாள். தரைக்கு மேலே ஒரு குறையும் இல்லை.

வம்பு தரைக்குக் கீழே, அஸ்திவாரமான கடைக்காலில் இருந்தது. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஐந்தடி அகலத்துக்குக் கான்கிரீட் பாதம், அதாவது ஃபுட்டிங், வைக்க வேண்டும். எல்லையோரத் தூண்களுக்கு வைத்தபோது அண்ணன் வீட்டுப் பாதம் தம்பி மனைக்குள்ளும், தம்பி வீட்டுப் பாதம் அண்ணன் மனைக்குள்ளும் இரண்டடி புகுந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. சாஃப்ட்வேர் மஞ்சள் பெட்டி காட்டி எச்சரித்தது.

"பார்டர் ஃபுட்டிங்க மட்டும் பாத்து தனியா வைம்மா" என்று ஜெகதீசன் காலையிலேயே சொல்லியிருந்தார். எப்படித் தனியாக வைப்பது? கேட்கலாம். கேட்பதென்றால் நாற்காலியை நகர்த்த வேண்டும், அது கிறீச்சென்று கத்தும், எல்லாரும் திரும்புவார்கள். பதினான்கு தரைக்கல் தாண்டி அவர் மேசைக்குப் போக வேண்டும். ரிஃபானா எண்ணி வைத்திருந்தாள். கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவள் கெட்டிக்காரி.

அதனால் 'ஜாயின்' பட்டனை அழுத்தினாள். முதல் பாதத்தைத் தொட்டாள், இரண்டாவதைத் தொட்டாள். நடுவில் இருந்த கோடு மறைந்தது. இரண்டும் ஒரே கான்கிரீட்டாகிவிட்டன. மஞ்சள் பெட்டியும் போயிற்று. இப்படி நான்கு ஜோடி. தனக்குக் கைராசி உண்டு என்றுகூட நினைத்துக்கொண்டாள். ஜெகதீசன் போனில் யாரிடமோ கத்திக்கொண்டே படத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள் மேஸ்திரி தர்மராஜிடமிருந்து போன் வந்தது. "சார், ஒடனே வாங்க. கடக்கால் தோண்டினோம். இங்க ரெண்டு பேரும் என்னை உரிச்சுகினு கீறாங்க." படத்தை வரைந்தவள் என்பதால் ரிஃபானாவையும் காரில் ஏற்றிக்கொண்டார் ஜெகதீசன். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது ஒருவகையில் வசதியாகத்தான் இருந்தது.

மனையில் எல்லைக் கயிற்றுக்குக் கீழேயே நான்கு பெரிய குழிகள், ஒவ்வொன்றிலும் பாதி அண்ணன் மனையில், பாதி தம்பி மனையில். அண்ணனும் தம்பியும் ஒரு குழிக்கு இப்பாலும் அப்பாலும் நின்றார்கள். பேச்சு மட்டும் மேஸ்திரி வழியாகப் போய் வந்தது.

"மேஸ்திரி, அவர்கிட்ட சொல்லு. நெலத்துல பாதி வாங்கினது போதாதா, என் கடக்கால்லயும் பங்கு வோணுமான்னு கேளு" என்றார் துரை.

"மேஸ்திரி, அவரு வூடு சாஞ்சா என் வூட்டையும் இஸ்துகினு போவுமான்னு நீ கேளு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கீது?" என்றார் தர்மராஜ்.

ஜெகதீசன் நெற்றியைத் துடைத்தார். "சார், இது கம்ப்யூட்டர் மிஸ்டேக். அதுவா சேத்துக்கிச்சு. ஆனா இப்படியே வுட்டாலும் ஸ்ட்ராங்காத்தான் இருக்கும்."

ரிஃபானாவுக்குத் திக்கென்றது. கம்ப்யூட்டர் பாவம். அது எச்சரித்தது, அவள்தான் வாயை மூட வைத்தாள். பழி வந்தபோதும் அது பேசாமல் இருக்கிறது. பேசாமல் இருக்கிறவர்களுக்கு இதுதான் கதி என்பது அவளுக்குத் தெரியாதா? அதைவிட மோசம், 'இப்படியே வுட்டாலும்' என்று அவர் சொன்னது.

"இல்ல" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். இந்த முறை சத்தம் கூடிப்போய், பக்கத்தில் நின்ற ஆடு திரும்பிப் பார்த்தது.

"அதுவா சேரல. நான்தான் சேத்தேன். சார் தனியா வெக்கத்தான் சொன்னாரு. எனக்குப் புரியல. கேக்கல."

"ஏன் கேக்கல?" என்றார் துரை.

"கூச்சமா இருந்துச்சு."

"ஒனக்குக் கூச்சம்னு எங்க ரெண்டு வூட்டையும் ஒட்டிட்டியா?"

தர்மராஜ் சிரிப்பை அடக்க இருமினார். ஆனந்தன் முதல்முறையாக மேஸ்திரியை விட்டுவிட்டு அவளிடம் நேராகக் கேட்டார். "பாப்பா, இப்படியே வுட்டா இன்னா ஆவும்?"

பின்னால் ஜெகதீசன் தொண்டையைக் கனைத்தது கேட்டது. வேலை போயிற்று என்று அவளுக்கு நிச்சயமாயிற்று. போன வேலைக்குப் பயந்து என்ன?

"பலமாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு வூடும் ஒரே கால்ல நிக்கும். நாளைக்கு ஒருத்தர் இடிச்சுக் கட்டணும்னாலும், மேல மாடி ஏத்தணும்னாலும், இன்னொருத்தரக் கேக்கணும். அப்புறம் பிரிக்க முடியாது."

"வேற வழி?"

அவள் ஜெகதீசனைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார். "அவங்கவங்க பாதத்த அவங்கவங்க மனைக்குள்ள தள்ளி வெச்சு, உள்தூணோட ஒரு பீம் போட்டு இழுத்துக் கட்டலாம். கம்பி கூடப் புடிக்கும். குழியும் மாத்தித் தோண்டணும்."

"பிரிச்சிடு" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில். உடனே, ஒத்துப்போய்விட்டதற்காக வெட்கப்பட்டவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

காரில் ஏறும்போது துரை ஜன்னலருகே வந்து குனிந்தார். "சார், இனிமே நீ வராத. கம்ப்யூட்டரு, அதுவா சேத்துக்கிச்சுன்னு கதை வுடற. எது பேசறதா இருந்தாலும் இந்தப் பொண்ண அனுப்பு."

கார் கோவளம் தாண்டியது. ரிஃபானா மனசுக்குள் ஃபேன்சி ஸ்டோரில் உட்கார்ந்து, வளையல் அளவு கேட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு?" என்றார் அவர் கடைசியில். "வேல நிரந்தரம்னு இன்னிக்கே எழுதிடறேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆனா ஒண்ணு. வரைய வேற ஆள் பாத்துக்கறேன். நாளையிலேர்ந்து பார்ட்டிங்ககிட்ட பேசறது, சைட்டுக்குப் போறது, போன் எடுக்கறது எல்லாம் நீதான். சம்மதமா?"

ஃபேன்சி ஸ்டோருக்காவது பெண்கள்தான் வருவார்கள், வளையலுக்காக யாரும் குழி தோண்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள். முடியாது சார், என்னை வரைய மட்டும் விடுங்கள் என்று சொல்ல வேண்டும். வாக்கியம் முழுதாகத் தயாராக இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"எஸ் சார்" என்றாள்.