அப்பா வெட்டிய கட்டி

ஒதில் நிலவறையில் மண்டியிட்டு, கடைசி அடுக்குக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். அவள் பெயர் கீறிய பாலாடைக்கட்டி மட்டும்தான் கையில் தட்டுப்பட்டது. அப்பாவுடையதைக் காணவில்லை.

அந்த மலையூரில் ஆளுக்கொரு கட்டி உண்டு. தன் பெயரைக் கீறி வைத்தபின் அதை யாரும் தொடமாட்டார்கள். கிடந்து கிடந்து கல்லாகிவிடும். அந்த ஆளைப் புதைத்த அன்றுதான் வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பீப்பாய் மதுவோடு கொடுப்பார்கள். கட்டியில்லாத சாவென்றால் ஊர் வாய்க்கு அதுவே தீனி. அப்பாவைப் புதைத்துவிட்டு மேலே இப்போது ஊரே வந்து உட்கார்ந்திருந்தது.

பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களில் அவள் அப்பா தெயோபிலின் நிலவறைக்கு வராமல் திரும்பியவர்கள் குறைவு. ரை தானிய ரொட்டி, உலர்த்திய மாட்டிறைச்சி, இந்தச் சரிவிலேயே விளைந்த திராட்சை மது என்று ஒவ்வொன்றாக நீட்டுவார். மடமடவென்று குடிப்பவனைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "அவசரமெல்லாம் சறுக்கும்போது வெச்சுக்க. வாய்க்குள்ள போனா கொஞ்சம் நிறுத்து," என்பார். மந்திரியானாலும் அதே ஏச்சுதான். அப்படி ஒரு மனிதர் இனி எங்கே பிறக்கப்போகிறார்!

அவர் காசுக்கு ஆசைப்பட்டுக் கட்டியை விருந்தாளி எவனுக்கோ விற்றிருப்பாரோ என்று நினைத்ததும் ஒதிலுக்குத் தன் மீதே வெறுப்பு வந்தது.

படியில் காலடி கேட்டது. பக்கத்து வீட்டு அன்செல்ம். அப்பாவோடு சேர்ந்து திராட்சைக்கொடி வெட்டி, சேர்ந்தே சண்டையும் போட்டவர். எண்பதைத் தாண்டிவிட்டார்.

"அதைத் தேடாதம்மா. அது இல்ல."

"எங்க மாமா போச்சு?"

"போன குளிர்ல பனி சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சுல்ல. கீழ மாட்டிக்கிட்ட நீயும் வர முடியல, ஒரு வண்டியும் வரல. ஹோட்டல்ல ரொட்டிகூட இல்ல. சறுக்க வந்த கூட்டம் மொத்தத்தையும் உங்கப்பன் இங்க கூட்டிட்டு வந்துட்டான். இருந்ததெல்லாம் தீந்தப்புறம் அதை எடுத்தான். 'டேய், அது உன் சாவுக்குடா'ன்னேன். 'ஊரெல்லாம் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லும், வெச்சவன் மட்டும் ருசி தெரியாம போகணுமா'ன்னான்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா நீ திட்டுவேன்னு அவனுக்குப் பயம்."

ஒதிலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "எப்படி இருந்துச்சாம்?"

"அதான் ஆச்சரியம். ஊருக்கெல்லாம் ருசி சொல்றவன் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. கண்ணை மூடிட்டு நின்னான்."

மேலே நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. ஒதில் தன் பெயர் கீறியதை இழுத்தாள்.

"என்னோடதை வெட்டிடறேன் மாமா. வேற வழியில்ல."

அன்செல்ம் அவள் கையை விலக்கி, கட்டியை உள்ளே தள்ளினார்.

"அன்னிக்குக் கடைசியில எல்லாம் தீந்துபோயும் அவன் இதுல கை வைக்கல. நான் வைக்க விடுவேனா?"

சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கோட்டுக்கு அடியில் ஒன்றை அணைத்துப் பிடித்திருந்தார். கறுத்துப்போன மேல்தோலில் அன்செல்ம் என்று கீறியிருந்தது.

"வேண்டாம் மாமா. உங்களுக்கு?"

"புதுசா ஒண்ணு வெச்சாப் போச்சு. அது கல்லாகுறவரைக்கும் சாக முடியாது, அவ்வளவுதானே. உங்கப்பனைப் பத்தி ஒருத்தன் குறை சொல்லிட்டுப் போகக்கூடாது."

இருவரும் மேலே வந்தார்கள். கட்டியில் இருந்த பெயரை எல்லாரும் படித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

வெட்டவேண்டியது மகள்தான். ஒதில் கத்தியை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. அன்செல்ம் பக்கத்தில் வந்து நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்து முழு எடையையும் கொடுத்தார். கத்தி அவர் பெயரின் நடுவே மெல்ல இறங்கியது.