இல்லாத காரின் கதவு

அந்த ஆண்டு தொழிற்சாலை விற்ற நான்கு கதவு மாடலில் கார் இல்லை. முதல் வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வெளியே வந்தது. வாங்கியவர் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் காற்றில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வட்டமாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தடையில் ஒருமுறை குலுங்கி ஊருக்குள் போனார். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் கொடுத்ததாகப் பிறகு சொன்னார். விலை பழையதுதான். வரி தனி.

இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பொருளாதார மந்தம் வந்த முதல் மாதம் ஜனங்கள் கார் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். இரண்டாவது மாதம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். மைதானத்தில் நான்காயிரம் வண்டிகள் வரிசையாக நின்று வெயிலில் வெளிறின. பெரிய கார் செய்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றை வாங்குகிறவர்களுக்கு மந்தம் என்பது செய்தித்தாளில் வருகிற ஒன்று. அடி வாங்கியது சாதாரண ஜனங்களுக்குச் சாதாரணக் கார் செய்கிறவர்கள். ஆகவே தலைமை அலுவலகம் ஒரு செலவுக் குறைப்புக் கமிட்டியை அனுப்பியது. அதன் தலைவருக்கு முதல் நாள் மத்தியானத்துக்குள் கத்திரி என்று பெயர் விழுந்துவிட்டது. கத்திரி நிதானமான மனிதர். முதலில் சாம்பல் கிண்ணத்தை எடுத்தார், யாரும் கேட்கவில்லை. பின்கண்ணாடித் துடைப்பானை எடுத்தார், ஸ்டெப்னியை எடுத்தார், பெயிண்டில் ஒரு பூச்சைக் குறைத்தார். பிறகு ஷோரூமில் மூன்று நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். எல்லோரும் மூன்றே காரியம்தான் செய்தார்கள். டயரை ஓர் உதை விட்டார்கள், மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார்கள், கதவைத் திறந்து ஒருமுறை சாத்திப் பார்த்தார்கள். இந்த மூன்றிலும் கை வைக்கக்கூடாது, மற்றவை அவசியமா என்று யோசிக்கலாம் என்று கத்திரி அறிக்கை எழுதினார். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகக் கழன்று, எட்டாவது மாதத்தில் பாடியும் இன்ஜினும் போயின. டயர் விஷயத்தில் மட்டும் பின்னர் ஒரு திருத்தம் வந்தது: உதைக்கிறவருக்குக் கால் வலித்தால் போதும்.

கதவுச் சத்தம் டொப்புவின் பொறுப்பு. உற்பத்தி வரிசையின் கடைசியில் நின்று ஒவ்வொரு வண்டியின் ஒவ்வொரு கதவையும் சாத்தி, காதால் கேட்டு, அட்டையில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நன்றாகப் பொருந்திய கதவு டொப் என்னும். பொருந்தாதது டங் என்னும். இருபத்திரண்டு வருடமாக டங் என்ற எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டியதில்லை. இல்லாத முதல் வண்டி வருவதற்கு முந்தின நாள் அவர் மனைவி துணி மடித்தபடியே பேச்சை எடுத்தாள்.

“ஏங்க, ஊரே இருக்குன்னு சொன்னா இருந்துட்டுப் போகட்டுமே. என் தம்பி இப்பத்தான் வெல்டிங்ல நிரந்தரமாகியிருக்கான். அவன் பொழப்புலயும் மண்ணைப் போட்டுடாதீங்க.”

“சத்தம் சரியா இருந்தா போடறேன். இல்லன்னா உன் தம்பி இல்ல, உங்கப்பாவே வந்து நின்னாலும் போட மாட்டேன்.”

மறுநாள் அவர் காற்றில் துழாவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்து, திறந்து, சாத்தினார். டொப். இருபத்திரண்டு வருடத்தில் கேட்டதிலேயே சுத்தமான டொப். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வண்டி ஓரளவு விற்றது. நிறுத்திய இடத்தைத் தேடுவது சிரமம் என்றார்கள். அந்தச் சிரமம் முன்பும் இருந்ததுதான். சீட் பெல்ட் போடாதவர்களுக்குப் போலீஸ் வழக்கம்போல அபராதம் போட்டது. வெல்டிங் பிரிவில் மைத்துனன் ஷிப்டு முழுக்க ஒன்றுமில்லாததோடு ஒன்றுமில்லாததைப் பற்றவைத்தான். பொறி மட்டும் முன்போலவே பறந்தது. ஆனால் ஓரளவு போதவில்லை. அடுத்த ஆண்டு ஒரு டாக்ஸி கம்பெனி முந்நூறு வண்டி கேட்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முந்நூறும் கைக்கு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் எதுவும் வேண்டாம் என்பது நிபந்தனை. அது போனால் திங்கட்கிழமை கேட்டில் ஒட்டுவதற்கான ஆலை மூடல் நோட்டீசைத் தலைமை அலுவலகம் முன்யோசனையாக அச்சடித்தே அனுப்பியிருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வண்டிகள் தேறின. நாலரை மணிக்கு முந்நூறாவது வண்டியின் பின்பக்க இடது கதவு டங் என்றது.

டொப்பு பேனாவை மூடினார். கத்திரி ஓடி வந்தார்.

“என்னய்யா நிக்கறீங்க? போடுங்க கையெழுத்த!”

“கதவு உக்காரல சார்.”

“எந்தக் கதவு? அங்கதான் ஒண்ணுமே இல்லையேய்யா!”

தொழிற்சாலைக்குள் அந்த வாக்கியத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. வரிசை நின்றது. இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவருக்கே வியர்த்துவிட்டது.

“ஒண்ணுமில்லாததுக்கு இந்தச் சத்தம் வராது சார்,” என்றார் டொப்பு. “நீங்களே சாத்திப் பாருங்க.”

கத்திரி சாத்திப் பார்த்தார். டங். வரிசையின் மறுகோடியில் நின்றவனுக்கும் கேட்டது.

மைத்துனன் காதருகே வந்து கெஞ்சினான். “மாமா, கண்ண மூடிட்டுப் போட்டுடுங்க. மணி அஞ்சாகப் போகுது. எல்லாரும் நடுத்தெருவுக்கு வந்துடுவோம்.”

“கண்ண மூடிட்டுத்தான் மாப்ள கேக்கறேன். நீ வாய மூடிட்டு ரப்பர் சுத்தியல எடுத்துட்டு வா. கீல் ரெண்டு நூல் அளவு எறங்கியிருக்கு.”

மைத்துனனின் முதல் அடி காற்றில் போய் முழங்கை பிசகியது. “மேல... இன்னும் மேல... அங்கதான்டா,” என்றார் டொப்பு. இரண்டாவது அடி எதிலோ பட்டது. மூன்றாவது நன்றாகவே பட்டது. சாத்தினார்கள். டொப். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்து விழுந்தது.

கேட்டுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. டாக்ஸி முதலாளி கடைசி வண்டியைத் தாமே ஓட்டிப் போக வந்திருந்தார். நல்ல காரியம் என்று மாமியாரையும் அழைத்து வந்து பின்பக்கம் இடது ஓரத்தில் உட்காரவைத்தார். மழை அவர்கள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் விழுந்து உடைந்து, கூரையின் வளைவில் ஓடி, கதவுகளின் விளிம்பில் இறங்கியது. நீரால் வரைந்த கார் ஒன்று அரை நிமிடம் தெரிந்தது. மாமியாரின் தோளில் ஒரு துளி படவில்லை. அவர் அதை ஒரு பொருட்டாக எண்ணாமல், உள்ளே இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம் என்று குறைப்பட்டுக்கொண்டார். கத்திரி டைரியை எடுத்து, கதவு ரப்பரை அடுத்த மாதம் பரிசீலிக்கலாம் என்று குறித்தார்.

டொப்புவும் மைத்துனனும் ஒரே குடையில், ஆளுக்கு ஒரு தோள் நனைய, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அந்த வண்டியை வாங்குகிற வசதி அவர்களுக்கு இல்லை.