மூன்று கரை வைத்திருப்பவனுக்கு

என் ஆற்றின் அக்கரையை எடுத்து வைத்துக்கொண்டிருப்பவன் நீதான். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீயும் ஒருநாளும் இல்லையென்று மறுத்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

நம் மலையில் ஜீப்பில் எதை மாட்டினாலும் அதற்கேற்ற வழி தானாக வந்து சேர்ந்துவிடும். பெரிய டயர் போட்டால் மறுநாள் வாசலில் பாறை கிடக்கும். நம் தெரு மாயாண்டி வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கிற வின்ச் ஒன்றை முன்னால் மாட்டினான். அந்த வாரமே அவன் கேட்டுக்கு முன்னால் நல்ல ஆழமான சேறு வந்தது. தபால்காரர் கூரையில் விளக்கு வரிசை பொருத்தியதிலிருந்து அவர் வீட்டில் மட்டும் பகலிலேயே இருட்டிவிடுகிறது. அவருடைய கோழிகள் பழகிக்கொண்டன.

நான் ஏலக்காய் மூட்டை தூக்கி மேலே வந்தவன். என்னை ஏமாற்றாத ஆளே கிடையாது. அதனால் பேரம் கற்றேன். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. என் கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது அடித்து அடித்துக் குறைத்ததில், நாதஸ்வரம் வராமல் தவில் மட்டும் வந்து வாசித்துவிட்டுப் போனது. தாலி கட்ட அது போதுமானதாகத்தான் இருந்தது.

நீ போன வருஷம் பச்சை ஜீப்போடு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவன். உன் வண்டி மழையிலும் தூசியிலும் ஒரேமாதிரி மினுங்கும். நான் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காமலே தெரிகிறது.

அடிவாரத்தில் சிக்கந்தர் பாயின் காயலான் கடையில் அன்றைக்கு நாம் இருவரும் இருந்தோம். தண்ணீரில் இன்ஜின் மூச்சு முட்டாமலிருக்க, கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஏறும் கறுப்புக் குழாய் இரண்டு ஆணியில் தொங்கின. இரண்டும் ஒன்றுபோலத்தான். நான்தான் முதலில் கை வைத்தேன்.

"பாய், இது குழாயா, தங்கமா?"

"அண்ணே, இது ஆத்தைக் கூட்டிட்டு வர்ற சாமான். பார்த்துப் பேசுங்க."

"பாதிக்குக் கொடு. இல்லைன்னா ஆணியிலேயே தொங்கட்டும்."

"பாதிக்குப் பாதிதாண்ணே வரும்."

"வரட்டும், வரட்டும். நீ பேப்பர்ல சுத்து."

என் குழாயில் நான் குறைத்த பாதி விலையை பாய் உன் குழாயின் விலையில் ஏற்றினார். எந்தக் கடைக்காரரும் செய்வதுதான். நீ விலையைக் கேட்டுவிட்டு பர்ஸைத் திறந்தாய். 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க' என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. என் பையை அறுத்த திருடன்மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

பொருத்துகூலி கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை. நானே மட்கார்டில் ஓட்டை போட்டு, பசை வைத்து, ஸ்பானரால் முறுக்கினேன். கையோடு பின்கதவில் இரண்டு டீசல் கேன்களையும் மாட்டினேன். விடிந்தபோது ஆறு வந்திருந்தது. முழங்காலளவு தண்ணீர், கூழாங்கல், கெண்டை மீன், எல்லாம் குறையில்லாமல் இருந்தது. இக்கரையில் புல்கூட இருந்தது. அக்கரை மட்டும் இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கேன் இருந்ததால் தூரமும் வந்திருந்தது.

உன் வீட்டுக்குப் பின்னால் வந்த ஆற்றுக்கு மூன்று கரை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பக்கவாட்டில் சும்மா ஒன்று. அந்தச் சும்மா கரையில் நீ வாழை வைத்து ஊஞ்சலும் கட்டினாய்.

என் மனைவி பவளக்கொடி தினமும் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போய், துணியை எடுக்காமல் நிற்க ஆரம்பித்தாள்.

"அவரு ஆறு எவ்வளவு அடக்கமா போகுது பாத்தீங்களா?"

"நம்ம ஆத்துக்கு என்ன குறைச்சல்?"

"ஆறுன்னா எதிர்த்தாப்புல பாக்க ஒரு கரை வேணாமா? நான் போய் இருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

சாவியை எடுத்துக்கொண்டு ஜீப்பை ஆற்றில் இறக்கினாள். நான் சொல்லிக்கொடுத்தபடி முதல் கியரில், சீராகத்தான் இறக்கினாள். மறுநாள் போன் செய்தாள்.

"இன்னும் வரலைங்க."

"திரும்பி வந்துரு."

"தண்ணிக்கு நடுவுல திருப்பக் கூடாது, அக்கரை ஏறித்தான் திருப்பணும்னு நீங்கதானே சொன்னீங்க. ஆக்சிலேட்டர்லயிருந்து காலை எடுக்கக் கூடாதுன்னும் சொன்னீங்க. எடுக்கல."

சரியாகத்தான் சொன்னாள். நான் நேராக உன்னிடம் வந்தேன். நீ ஊஞ்சலில் இருந்தாய்.

"வாங்கண்ணே, காப்பி சாப்பிடுறீங்களா?"

"என் கரையைக் கொடு."

"எடுத்துக்கங்கண்ணே. கரைக்கும் வாழைக்குமா சேர்த்து ஏதோ கொடுங்க," என்று ஒரு விலை சொன்னாய்.

நியாயமான விலைதான். மனைவி தண்ணீரில் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "பாதிக்கு முடிச்சுக்குவோம்."

"பாதிக்குப் பாதிதாண்ணே வரும்."

"வரட்டும்," என்றேன். அந்த நேரத்தில் ஜெயித்த மாதிரிகூட இருந்தது.

மறுநாள் கரையின் மேல்பாதி வந்து சேர்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு தென்னை உயரத்தில், மூன்று வாழையோடு நின்றது. அதன் நிழல் தண்ணீரில் விழுந்தது. மத்தியானம் பவளக்கொடி கூப்பிட்டாள்.

"வந்துட்டேங்க. கரை தலைக்கு மேல இருக்கு."

"என்ன தெரியுது?"

"வாழை வேர் தெரியுது. அவரு நல்லாத் தண்ணி விட்டு வளர்த்திருக்காருங்க."

போனுக்குள் இன்ஜின் சீராக உறுமுவது கேட்டது. அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

இப்போது கேள். இன்றைக்கே கீழ்ப்பாதியைக் கொண்டுவந்து வை. நீ சொன்ன விலையை முழுசாகத் தருகிறேன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து தருகிறேன். மெக்கானிக்கை அனுப்பாதே. மேல்பாதியின் அடியில் போல்ட் ஓட்டைகளை அவளை எண்ணச் சொல்லிவிட்டேன், என் ஸ்பானருக்கு அது சரியாக இருக்கும், நானே மாட்டிக்கொள்கிறேன். கொசுறாக அந்த ஊஞ்சலையும் வை. அவள் வந்ததும் உட்கார வேண்டும்.